சங்கீதா வந்தால் தோற்போமா?

போன சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் முதுநகர் தெரு கபடி டீம் சிதம்பரத்தில் செமி பைனல் ஜெயித்துவிட்டுத் திரும்பியிருந்தது. மறுநாள் அங்கேயே பைனல். ஏழாவது படிக்கும் என் மகள் சங்கீதா, எந்தச் சுடிதார் போடுவது என்பது வரை முடிவு செய்துவிட்டாள்.

அப்போது பார்த்து வந்தான் பழனி. என் மனைவியின் தம்பி. டீமுக்கு கேப்டன்.

"மச்சான், நாளைக்கு இவள இட்டுனு வராதீங்க."

"ஏன்டா?"

"இவ வந்தா தோக்கறோம். நான் மட்டும் சொல்லல, டீமே சொல்லுது. ராசி இல்ல."

சங்கீதாவுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நான் அவனை ஒரு வார்த்தை திட்டியிருக்க வேண்டாமா? திட்டவில்லை பிள்ளைகளே. ஏன் தெரியுமா? எனக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது...

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, அந்த நோட்டக் குடுங்க" என்றாள்.

எந்த நோட்டு? சொல்கிறேன். டீமுக்கு ஸ்கோர் எழுதுவது நான்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்குக் கிடைத்த பெரிய பதவி! ஸ்கோரோடு இன்னொன்றும் எழுதுவேன் — வேனில் யார் யார் வந்தார்கள் என்று. ஒருமுறை ஜெயித்த குஷியில், டீ குடிக்க இறங்கிய ஆட்டக்காரர் ஒருவரைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பரங்கிப்பேட்டை தாண்டித்தான் ஞாபகமே வந்தது. அன்றிலிருந்து போகும்போது பேர் எழுதுவேன், திரும்பும்போது டிக் போடுவேன்.

ஆக, சங்கீதா எந்த மேட்சுக்கு வந்தாள், எதற்கு வரவில்லை — எல்லாம் நோட்டில் இருக்கிறது.

எண்ண ஆரம்பித்தாள். மொத்தம் இருபத்தாறு மேட்ச். அவள் வராதது இருபத்தொன்று. அதில் பதினாறு ஜெயித்திருக்கிறோம். அவள் வந்தது ஐந்து. ஜெயித்தது... ஒன்றே ஒன்று!

"பாத்தியா! மாமா சும்மாவா சொன்னேன்?" பழனி காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கை எடுத்துக் கடித்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நோட்டை வாங்கி மூடிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"இருங்கப்பா. நான் வந்த அஞ்சும் என்ன மேட்சு?"

பக்கத்தைப் புரட்டினால் — ஐந்தும் பைனல்! சனிக்கிழமை ஆனால் அவளுக்கு டியூஷன். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பைனலுக்குத்தான் கூட்டிப் போவேன். சனிக்கிழமை எங்களிடம் தோற்பவர்கள் நேற்று டீம் ஆரம்பித்தவர்களாகக்கூட இருப்பார்கள். பைனலில் எதிரே நிற்பவன் ஒவ்வொருவனும் தென்னை மரம் மாதிரி இருப்பான். தோற்காமல் என்ன செய்வோம்?

"மாமா, பைனல பைனலோட வெச்சுத்தான் பாக்கணும். நான் வராத பைனல் எத்தன?"

மூன்று. மூன்றும் தோல்வி.

முறுக்குச் சத்தம் நின்றது.

நீங்களே சொல்லுங்கள். குடை எடுத்துப் போகும் நாளில்தான் மழை ஜாஸ்தி பெய்கிறது. அதற்காகக் குடையா மழையைக் கூட்டி வந்தது? இத்தனை வருஷம் அந்த நோட்டை எழுதியவன் நான். எழுதத் தெரிந்த எனக்கு, எதோடு எதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லையே!

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழனி லேசுப்பட்ட ஆளா? துள்ளி எழுந்தான்.

"அப்ப இவ வந்தப்பதான் நமக்குக் கப்பே கெடச்சிருக்கு! மச்சான், நாளைக்கு இவதான் முன் சீட்டு. கப்பு ஜெயிச்ச அன்னிக்குப் போட்ட அதே பச்சச் சுடிதாரப் போட்டுனு வரச் சொல்லுங்க!"

பார்த்தீர்களா? அஞ்சு நிமிஷம் முன்னால் ராசி இல்லாதவள். இப்போது ராசிக்காரி!

வேறு பிள்ளையாக இருந்தால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டிருக்கும். முன் சீட்டு யாருக்குக் கசக்கும்? இவள் தலையை ஆட்டினாள்.

"அஞ்சுல ஒண்ணு ஜெயிச்சத வெச்சு அப்படியும் சொல்ல முடியாது மாமா. நான் ஓரமா உக்காந்து கத்தறேன். ஆடறது நீங்கதான?"

"இது எந்த ஊர்க் கணக்கோ!" என்று முனகிக்கொண்டே போனான். ஆனாலும் காலையில் வேன் வந்ததும், முன் சீட்டைத் துண்டால் தட்டி அவளை உட்கார வைத்தவனும் அவன்தான்.

பைனலில் ஸ்கோர் எழுதும் வேலையை அவளிடமே கொடுத்துவிட்டேன். என் கண்ணாடி வீட்டில். அவள் கையெழுத்தும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆட்டம் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனது.

இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

மண்ணைக்கூடத் தட்டாமல் பழனி நேராக இவளிடம் வருகிறான். இனிமேல் இவளை எந்த மேட்சுக்கும் ஏற்ற மாட்டான் என்றே நினைத்தேன். அவன் வாயைத் திறக்கும் முன் இவள் நோட்டை நீட்டினாள்.

"எங்க வுட்டோம்னு எழுதியிருக்கேன் மாமா. கடைசி அஞ்சு நிமிஷத்துல நீங்க நாலு ரைடு போனீங்க. மூணு வெறுங்கை. ஒண்ணுல புடிச்சிட்டாங்க."

பழனி நோட்டைப் பார்த்தான். சுற்றி நின்ற டீமைப் பார்த்தான். டீம் மொத்தமும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது.

அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னான்:

"அடுத்த மேட்சுக்கும் வா புள்ள. ஆனா, நோட்ட உங்கப்பாகிட்ட குடுத்துடு!"