ஆறு நொடிக் கணக்கு

அந்த ஷேர் ஆட்டோவை வேகமாக ஓட்டச் சொன்னவள் நான்தான். ஓட்டுநர் முருகேசன் அண்ணன்மேல் தவறில்லை... நான்தான்! இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். தினமும் அவனியாபுரத்திலிருந்து அவர் ஆட்டோவில்தான் போவேன், அவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, பாதிக் கனவில்... அது மார்கழிக் காலை. பனியில் பரங்குன்றத்து மலையே தெரியவில்லை. சிக்னலின் பச்சை எண்கள் மட்டும் அந்தரத்தில் மிதந்து, ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

ஆறு.

மனம் தானாகக் கணக்குப் போட்டது. நொடிக்குப் பத்து மீட்டர். இதே சீரான வேகத்தில் போனால் அறுபது மீட்டர். சந்திப்பைத் தாண்ட எழுபத்திரண்டு வேண்டும். மிச்சம் பன்னிரண்டு... சீராக முடுக்கினால் போதும்! எவ்வளவு அழகாக வந்தது அந்த விடை!

"அண்ணே, அமுக்குங்க. போயிரலாம்."

"போயிரலாமா டீச்சர்?"

"கணக்குப் போட்டுத்தாண்ணே சொல்றேன்."

என்ன கணக்கு! அந்த முடுக்கம் காலி ஆட்டோவுக்கு வரும். நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களை நான் நினைக்கவே இல்லை. பச்சை அணைந்தபோது நாங்கள் சந்திப்பின் நடுவில் இருந்தோம். குறுக்கே சைக்கிளில் வந்த பால்காரர்மேல் மோதியதில் அவருக்குக் கால் முறிந்தது.

"எதுக்குய்யா இம்புட்டு வேகம்?" என்றார் போலீஸ்காரர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான்... கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

"நானாத்தேன் சார் அமுக்கிட்டேன்."

அவருடைய லைசென்ஸ் போயிற்று. பிழைப்பும் போயிற்று. நான் ஏன் வாய் திறக்கவில்லை? டீச்சர் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று ஊர் சொல்லுமே என்ற பயம். சீ! வேறு நல்ல காரணம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

போன வாரம் கடைத்தெருவில் அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று அருகில் போனேன்.

"அண்ணே, அன்னைக்கு..."

"விடுங்க டீச்சர். நீங்க கணக்கு சரியாத்தேன் போட்டீங்க. நாந்தேன் கொஞ்சம் லேட்டா அமுக்கிட்டேன். அத நெனச்சா இன்னும் தூக்கம் வர்றதில்ல."

கணக்கே தப்பு அண்ணே... தொண்டைவரை வந்தது.

"வாரேன்ணே, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றேன்.