சிறுத்தை சேர்த்துவைத்த சிநேகம்

எங்கள் லே-அவுட்டுக்குச் சிறுத்தை வந்துவிட்டது. பன்னேர்கட்டா காட்டை ஒட்டி வீடு வாங்கிவிட்டு, வேறு யார் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம்?

எனக்குக் கவலை காலை நடையைப் பற்றி. சர்க்கரைக்காக டாக்டர் கட்டாயமாக்கிய நடை. தனியாகப் போகப் பயம். மனைவியைக் கூப்பிட்டால், "சுகர் உங்களுக்குத்தானே" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேட்டருகே மேல்வீட்டுக் கௌதமன், தன் நாய் டைகருடன் நின்றிருந்தார். நகரத்தில் தமிழர்கள் நிறைந்த மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். என் செம்பருத்திச் செடியில் டைகர் காலைத் தூக்கிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது.

"வாக்கிங்கா சார்? சேந்தே போலாமே."

போனோம். வழியில் ஆலமரத்தில் நாட்டுக் குரங்குகளும் சாம்பல் மந்திகளும் கலந்து உட்கார்ந்திருந்தன. வழக்கமாக அந்த மரத்துப் பழத்துக்காக ஒன்றையொன்று விரட்டும் கூட்டங்கள். திடீரென்று என்ன ஒற்றுமை?

வேட்டை விலங்கு நடமாடினால் வெவ்வேறு இனக் குரங்குகள் சேர்ந்துகொள்வது உண்டாம். காவலுக்குக் கண்கள் கூடும். ஒன்று கத்தினால் எல்லாம் தப்பிக்கும். இன்னொரு லாபமும் உண்டு... கூட்டம் பெரிதானால், மாட்டுவது நாமாக இருக்கும் வாய்ப்புக் குறையும்.

எனக்கு அந்த இரண்டாவது லாபம் பிடித்திருந்தது. சிறுத்தைக்கு நாய் என்றால் உயிராம். டைகரை ஒட்டியே நடந்தேன்.

சில நாளில் நன்றாகப் பழகிவிட்டோம். "நமக்குள்ள பேச்சே இல்லாம இருந்ததே, எப்படி என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். கௌதமன் ஒளிக்கவில்லை.

"வூட்ல சொன்னாங்க சார். கீழ்வூட்டுக்காரரைக் கூட்டினு போ, அவரு உன்னவிட மெதுவாத்தான் ஓடுவாருன்னு."

நான் டைகரை நம்பினேன். அவர் என்னை நம்பியிருக்கிறார்.

பிறகு வனத்துறைக் கூண்டில் சிறுத்தை மாட்டியது. லே-அவுட்டே கைதட்டியது. வந்தது அது ஒன்றுதான், இனிப் பயமில்லை என்று வனத்துறையினர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் ஜன்னலிலிருந்து பார்த்தால், ஆலமரத்தில் நாட்டுக் குரங்குகள் மட்டும். மந்திகள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டன. கௌதமனும் வரமாட்டாரோ? மாடியேறிக் கூப்பிடலாம்தான். என்ன காரணம் சொல்வது? 'உங்களோடு நடக்கப் பிடிக்கிறது' என்று இந்த வயதில் வாயைத் திறந்து சொல்ல வருமா?

ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கேட்டருகே கௌதமன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இன்னொண்ணு சுத்தினு கீதாம் சார்."

"நானும் கேள்விப்பட்டேன்" என்றேன்.

டைகர் என் செம்பருத்தியில் காலைத் தூக்கியது. நான் ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.