அளவு ஒரு தடவைதான்

மாஸ்டர் யாரையும் இரண்டாவது தடவை அளந்தது கிடையாது. முதல் தடவை உள் அறையில் கதவைச் சாத்திவிட்டு, வாயைத் திறக்காமல் அளப்பாள். எண்களைத் துண்டுத்தாளில் குறிப்பாள். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் வந்தவரின் கண் முன்னாலேயே தாளைக் கிழித்துப் போடுவாள். "முடிஞ்சுது. இனிமே டேப்பு உங்க மேல படாது" என்பாள்.

அவளிடம் வருகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். கடையில் தொங்கும் எந்த அளவிலும் சேராதவர்கள் அவர்கள். முதுகு வளைந்தவர், ஒரு மார்பை அறுவையில் இழந்தவள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோனவர். எத்தனையோ பேர் தொட்டு, திருப்பி, நிறுத்தி, உச்சுக்கொட்டிப் பார்த்த உடம்புகள்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் துணி வெட்டினாள். ஆண்களுக்கு வைத்திருந்த பட்டத்தை அவளுக்கும் வைத்தார்கள், அதுவே பெயராகிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் மாடியில் இரண்டு அறை எடுத்துத் தனியாக உட்கார்ந்தாள். துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைகிற மென்பொருளும் அதைப் போட, கம்பெனியே கோத்து விற்ற ஒரு செட் கம்ப்யூட்டரும் அப்போது வாங்கியவை. இதுவரை இருநூற்றுப் பதினான்கு பேர் அதற்குள் இருக்கிறார்கள். யாராவது பெருத்தாலும் இளைத்தாலும் ஆளைப் பார்த்தே திரையில் கோட்டைத் தள்ளித் திருத்திவிடுவாள்.

ஆனால் கோட்டைத் தள்ளினால் அது நகர்வதற்குள் ஒரு பொத்தான் தைத்துவிடலாம் என்ற நிலைக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி வந்து பார்த்தான்.

"பிராசஸரை மட்டும் மாத்துனா பறக்கும்க்கா. அதே சாக்கெட்டுதான். பத்து நிமிஷ வேலை."

திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு போனான். சாயங்காலம் போன் செய்தான்.

"பிராசஸர் கச்சிதமா உக்காந்துடுச்சுக்கா. ஆனா போர்டு ஏத்துக்க மாட்டேங்குது."

"உக்காந்தாச்சுன்னா என்னடா ஏத்துக்கறது?"

"போர்டுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் முழிச்சதும் முதல்ல எந்திரிக்கறது அதுதான். எந்தெந்த பிராசஸரைச் சேக்கலாம்னு கம்பெனிக்காரன் அதுல ஒரு பட்டியல் வச்சிருக்கான். அந்த வருஷம் அவன் வித்தது மட்டும்தான் அதுல இருக்கு. புதுப் பட்டியல் போடறதையும் ஏழு வருஷம் முன்னாடியே நிறுத்திட்டான்."

"பொருந்தற சாமானைக் கூடாதுன்னு சொல்ல அவன் யாருடா? வாங்கினது நான்தானே?"

"அப்படித்தான்க்கா எல்லாம். நீ விடு, நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். அவளைக் கேட்காமலே வேறு மதர்போர்டு போட்டான். ரிப்பேர் கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிறபடி பழைய போர்டைப் பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிட்டான். வியாழக்கிழமை காலையில் கொண்டுவந்து வைத்தான். கம்ப்யூட்டர் பறக்கத்தான் செய்தது.

மேசையில் கறுப்புத் துணி விரித்துக் கிடந்தது. முதுகு எஸ் எழுத்தாக வளைந்த ஒரு டீச்சர் திங்கட்கிழமை தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கிறாள். அதற்கான கோட்டு. ஞாயிறு வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தாள். மாஸ்டர் கம்ப்யூட்டரில் அவளுடைய பேட்டர்ன் படத்தைத் திறந்தாள். திரையில் ஒரு கட்டம் வந்தது: இந்தக் கணினிக்கு இந்த உரிமம் செல்லாது.

வேறொருவர் படத்தைத் திறந்தாள். அதே கட்டம். இருநூற்றுப் பதினான்கு பேரும் வரிசையாகத் தெரிந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை.

"படமெல்லாம் பத்திரமா இருக்குக்கா" என்றான் தம்பி போனில். "மூணு காப்பி எடுத்து வச்சிருக்கேன்."

"திறக்காத படத்தை மூணு காப்பி எடுத்து என்னத்தைக் கிழிக்க?"

மென்பொருள் கம்பெனிக்குப் பேசினாள். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், அந்த லைசன்ஸ் உங்களுக்குக் குடுத்தது இல்ல. உங்க கம்ப்யூட்டரோட மதர்போர்டுக்குக் குடுத்தது. போர்டை மாத்திட்டா அது வேற கம்ப்யூட்டர்."

"போர்டுக்குக் குடுத்தீங்களா? அது எப்பம்மா கையெழுத்துப் போட்டுச்சு?"

"அந்த வெர்ஷனை நிறுத்திட்டோம் மேடம். மாத்திக் குடுக்க வழியில்ல. புது வெர்ஷன் மாசச் சந்தாவுல வருது."

"சந்தா கட்டறேன். என் பழைய படம் அதுல திறக்குமா?"

"அந்த ஃபார்மட் சப்போர்ட் ஆகாது மேடம்."

"நான் வரைஞ்சதும்மா அது. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு."

"புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"முதல் உதவியே இன்னும் வரல" என்று சொல்லிப் போனை வைத்தாள். கழுத்தில் டேப்போடு, வீட்டுச் செருப்போடு, அப்படியே தம்பி கடைக்கு நடந்தாள்.

கடையில் மூன்று பேர் நின்றார்கள். பிரிண்டரை இடுக்கியபடி ஒருவர், கல்லூரிப் பெண் ஒருத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு கிழவர். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"போர்டைத் திருப்பி வாங்கு."

"அது எங்க போச்சோ. எதுக்குக்கா இவ்ளோ கோவம்? எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி அளந்துட்டா முடிஞ்சுது. ஆளுக்குப் பத்து நிமிஷம்."

மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"எந்திரி."

"எதுக்கு?"

"பத்து நிமிஷம்தானே. எந்திரிடா. சட்டையைத் தூக்கு."

சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலுக்கு எழுந்து பழகியவன், எழுந்துவிட்டான். டேப்பு அவன் வயிற்றைச் சுற்றி வந்தது.

"வயிறு நாப்பத்திநாலரை" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "நெஞ்சு முப்பத்தெட்டு. நெஞ்சைவிட வயிறு ஆறரை இஞ்ச் கூட. யாராவது எழுதிக்கிறீங்களா?"

பிரிண்டர்க்காரர் சிரித்துவிட்டார். கல்லூரிப் பெண் போனுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திரும்பு. இடது தோள் வலதைவிட முக்கா இஞ்ச் கீழ. கழுத்து முன்னாடி துருத்துது. முதுகுல இங்க ஒரு மேடு. கையைத் தூக்கு."

"அக்கா, போதும்க்கா."

"பத்து நிமிஷம் ஆகலையே. இன்னும் தொடை இருக்கு."

"அக்கா!"

நிறுத்தினாள். அவன் காது சிவந்திருந்தது.

"இது ஒரு குறையும் இல்லாத உடம்பு. இதுக்கே உனக்கு இப்படி இருக்கு. அவங்ககிட்டப் போய் நீ சொல்றியா, மறுபடி நில்லுங்கன்னு? நான் வாக்குக் குடுத்திருக்கேன்டா."

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பைக் சாவியைத் தேடினான். கிழவர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. யாருக்கும் செய்யமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததைத் தம்பிக்குச் செய்துவிட்டாள். எண்கள் வாயிலிருந்து போய்விட்டன. கிழித்துப் போடத் தாள் இல்லை. அதற்கும் சேர்த்து அந்தக் கம்பெனிகள் மேல்தான் கோபம் வந்தது.

பழைய சாமான் வியாபாரியின் கிடங்கில் பிளாஸ்டிக் கூடைகளில் போர்டுகள் அடுக்கியிருந்தன. ஏதோ ஒரு அலுவலகம் இதே செட்டை மொத்தமாகக் கழித்துக் கட்டியிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், முப்பதுக்கு மேல்.

"அண்ணே, செவ்வாக்கிழமை நான் குடுத்தது எது?" என்றான் தம்பி.

"எல்லாம் ஒரு தாய் பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கு. எது உன்னோடதுன்னு நீதான் சொல்லணும். நாளைக்குக் காலைல உருக்கறவன் லாரி வருது."

தம்பி ஒவ்வொன்றாகப் புரட்டி விழித்தான். போர்டின் வரிசை எண்ணை அவன் குறித்து வைக்கவில்லை. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து கூடையை மடியில் இழுத்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் சாம்பல் நிறத் தூசி, அலுவலகத் தூசி. மூன்றாவது கூடையில் ஒரு போர்டின் சந்துகளில் வேறு மாதிரி அடைந்திருந்தது: நீலம், மஞ்சள், மெரூன். நூல் பிசிறு. மெரூனை நகத்தால் இழுத்தாள். போன வருடம் அதே டீச்சருக்குத் தைத்த கோட்டின் நூல்.

"இதான்."

பழைய பெட்டியில் பழைய போர்டையும் பழைய பிராசஸரையும் மாட்டினான். வியாபாரி அதிலிருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றியிருந்ததால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தம்பி பயாஸ் திரையிலேயே நிறுத்தினான்.

"உள்ள போறதுக்கு முன்னாடி தேதியைச் சரி பண்ணணும்க்கா. பழைய தேதில திறந்தா ஏமாத்தறோம்னு நினைச்சு லைசன்ஸைப் பூட்டிடும்."

"நான் ஏமாத்தறேனா?"

அவன் தேதியை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு உள்ளே விட்டான். பதினொரு நிமிடம் ஆனது. மென்பொருள் திறந்தது. டீச்சரின் முதுகு கோடு கோடாகத் திரையில் வந்து நின்றது. மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரவுன் பேப்பர் ரோல் நாலு வாங்கிட்டு வா. அத்தனை பேரையும் பேப்பர்ல இறக்கணும். எவன் பூட்டறான்னு பாக்கறேன்."

"இருநூத்திப் பதினாலுமா?"

"கடையைப் பூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தாள். மாஸ்டரின் கழுத்தில் டேப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"நடுவுல கொஞ்சம் மெலிஞ்சுட்டேன் மாஸ்டர். மறுபடி அளக்கணுமா?"

"துணி குடுக்க வந்தப்பவே பார்த்து அளந்தாச்சு டீச்சர். வாங்க."

கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். காலர் பின்கழுத்தில் தூக்காமல் படிந்தது. இரண்டு கையையும் உயர்த்திப் பார்த்தாள், இறக்கினாள். கழற்றாமலே, அதைப் போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

உள் அறையில் தம்பி தரையில் பேப்பரை விரித்து ஓரத்தில் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"பன்னண்டாவது ஆளைத் திறக்கறேன்க்கா. ரொம்ப யோசிக்குது. எல்லாம் முடியற வரைக்கும் இந்த போர்டு தாங்குமா?"

"தாங்கும். நீ எதையும் தொடாம இருந்தா" என்றாள் மாஸ்டர், பென்சிலைச் சீவியபடி.