அக்கா இருந்த கதிரை

ஓர்ஸ் ஹில்லில் வசிக்கும் நான் ஐம்பது வயது கடந்தபின் ஸ்கை டைவிங் பழகத் தொடங்கினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சண்டைக்காலத்தில் இலங்கைத்துறைக் கிராமத்தில் விமானம் போட்ட குண்டில் தன் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

முதன்முதலாகத் தனியே குதித்த நாளில் அவரையும் கூட்டிப்போனேன். கப்பல்துறைக்கு அப்பால் நாங்கள் இறங்கும் வெளியின் ஓரத்தில் கதிரை போட்டு இருத்தினேன்.

"அண்ணாந்து பாத்துக்கொண்டிருங்கோ அக்கா. பிளேனிலயிருந்து முதல்ல விழுறது நான்தான்."

அப்படிச் சொன்னபோதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பாரசூட் விரிந்ததும் துறைமுகம் முழுவதும் காலடியில் தெரிந்தது. சந்தோசத்தில் கத்தினேன். தரை நெருங்கியபோது கதிரை தெரிந்தது. அதில் அக்கா இல்லை.

பக்கத்து வாய்க்காலுக்குள் காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். முழங்கால் வருத்தத்தால் படியேறக்கூட ஏலாதவர்.

"அக்கா, நான்தான்."

"நீதான் எண்டு தெரியும் தம்பி. கால் தன்ர பாட்டில ஓடிட்டுது." மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அண்டைக்கும் இப்பிடித்தான் ஓடினனான். பிள்ளை பின்னால வாறான் எண்டு நினைச்சுக்கொண்டு."

இப்போதும் குதிக்கிறேன். ஆனால் அவரை அங்கே கூட்டிப்போவதில்லை. நான் குதிக்கும் நாட்களில் என் மனைவி அவர் கையைப் பிடித்தபடி வீட்டுக்குள் இருப்பாள். இறங்கியதும் நேரே போய் அவர் முன்னால் நின்று, "வந்திட்டன் அக்கா" என்பேன்.

என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு எனக்குப் பின்னாலும் ஒருமுறை பார்ப்பார்.