மூக்கக்காவும் நுண்மயிர்களும்

நுண்ணோக்கியின் தட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. வெதுவெதுப்பு போதவில்லை. "சில்லுனு இருந்தா இதுங்க சோம்பேறி ஆயிடும். அப்புறம் நல்லா இருக்கிறவனுக்கும் நோய்னு எழுதிடுவாங்க" என்று ஆளில்லாத அறைக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். வருகிறவர்களின் மூக்குக்குள் குட்டித் தூரிகையை விட்டு ஒரு சுரண்டு சுரண்டி எடுப்பதே பிழைப்பு என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் தலையைக் கண்டாலே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். சுரண்டியதில் மூச்சுப்பாதையின் நுண்மயிர்கள் ஒட்டியிருக்கும். சளியையும் தூசியையும் ஓயாமல் வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. கண்ணுக்குப் பிடிபடாத அந்தத் துடிப்பை அதிவேகக் கேமரா படம்பிடிக்கும். அவள் அதை மெதுவாக ஓடவிட்டு எண்ணுவாள். நன்றாகத் துடித்தால், "அடேயப்பா, என்ன ஆட்டம் போடுறீங்க!" என்று கொஞ்சுவாள். துடிக்காவிட்டால் வாயே திறக்க மாட்டாள்.

இன்று வாய் திறக்கவில்லை. திரையில் இருந்தது தங்கை மகளின் மூக்கிலிருந்து எடுத்தது. பிறந்ததிலிருந்தே சளி விடாத கைக்குழந்தை. அது இருமி இருமி முகம் சிவக்கும்போதெல்லாம் தங்கை, "எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதானேக்கா?" என்பாள். இவளும் "ஆமாடி" என்று சொல்லியே ஒப்பேற்றி வந்தாள்.

மயிர்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட அசையவில்லை. இப்படியே இருந்தால் சளி தேங்கித் தேங்கி நுரையீரலையே கெடுத்துவிடும், ஆயுசுக்கும் விடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தட்டின் சூட்டைச் சரிபார்த்தாள். சுரண்டியதை வைத்த கண்ணாடித் தகட்டை நகர்த்தி வேறு இடம் பார்த்தாள். லென்ஸைத் துடைத்தாள். "மிஷின் கோளாறாத்தான் இருக்கும். சனியன் பிடிச்ச மிஷின்."

புதுத் தூரிகையைப் பிரித்துத் தன் மூக்கிலேயே விட்டாள். கண்ணில் நீர் முட்டியது. சுரண்டியதை அதே தட்டில் வைத்து, இதுவும் அசையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ள உனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

திரை முழுக்க விறுவிறுவென்று துடித்தன. மிஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை.

வெளியே குழந்தை இருமும் சத்தம் கேட்டது. தங்கை கதவைத் தட்டினாள். "அக்கா, பார்த்தாச்சா? உள்ள வரட்டுமா?"

மூக்கக்கா எழுந்து போய், சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.