தபசுகாலத்து வைன்

எங்கள் வீட்டில் தபசுகாலம் என்றால் அப்பாவின் ராச்சியம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்தாரென்றால், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இறைச்சி இல்லை, சீட்டாட்டம் இல்லை, பொய் இல்லை, வைன் ஒரு துளியும் இல்லை. வங்காலையில் திராட்சைக் கொடி படர்ந்த முந்திரிகைத் தோட்டம் வைத்து, ஊர்க் கலியாணங்களுக்கெல்லாம் வைன் போட்டுக் கொடுக்கிற மனுசனுக்கு அந்த வைன் விரதம் லேசுப்பட்டதில்லை. மற்ற நாட்களில் ருசி பார்க்கிறேன் என்று அவர் குடித்த வைனில் ஒரு தோணியை மிதக்க விடலாம்.

அண்ணனுக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. கொடிகளை வெட்டிவிட்டுத் தென்னை வைப்போம் என்று ஒவ்வொரு லீவிலும் வந்து சொல்லிவிட்டுப் போவான். கொடிப்பந்தலுக்குக் கீழேயே வளர்ந்த எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கடைசியில் ஒருநாள் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இந்தமுறை வைனை நீ தனியப் போடு, பிள்ளை. சரிவந்தா தோட்டம் உனக்கு. பிழைச்சா கொண்ணன் சொன்னபடி தென்னை."

அந்த வருடம் மழை பிந்தியதால் பழமும் பிந்தியது. பிழிந்து சாடியில் ஊற்றி இரண்டு கிழமையில் விபூதிப் புதன் வந்து நின்றது. வைன் பொங்கி அடங்குகிற நாளை நாக்குத்தான் சொல்லும். அப்போதே போத்தலில் ஊற்றி இறுக்கி மூடாவிட்டால் புளித்துப்போய் வினாகிரிதான். ஆனால் தபசுகாலத்தில் யார் நாக்கை நீட்டுவது? அம்மாவைக் கேட்டேன்.

"ஐயோ நான் மாட்டன். கொப்பர் அறிஞ்சா நாற்பது நாளும் பிரசங்கம் கேட்கவேணும்."

பக்கத்து வீட்டு மாமா வருடம் முழுக்கக் குடிப்பவர். அவரும் பார்த்துப் பார்த்து அந்த நாற்பது நாளும் புனிதராகிவிட்டார். நானோ அப்பாவின் மகள். சாடியை மணந்து பார்த்தேன், காதை வைத்துக் கேட்டேன். அடங்கின மாதிரியும் இருந்தது, அடங்காத மாதிரியும் இருந்தது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து, பக்கத்து வீட்டு மாமாவும் சேர, எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். நான் வைனை ஊற்றினேன். முதல் வாய் குடித்த அண்ணனின் முகம் கோணியது.

"இதை மீன் ஊறப்போடத்தான் விடலாம்."

நானும் குடித்துப் பார்த்தேன். அசல் வினாகிரி. தோட்டம் போய்விட்டது. அண்ணன் தென்னங்கன்றுக் கதையைத் தொடங்குமுன் அப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

"பிள்ளையில பிழையில்லை. மூன்றாம் கிழமை நான் களவாய் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தனான். அடைக்கிற பதம் வந்திட்டுது. சொன்னா விரதம் முறிச்சது தெரிஞ்சிடும் எண்டு வாய் திறக்கேல்லை. பிழை என்ரை. தோட்டம் அவளுக்குத்தான்."

மேசை முழுக்க ஒரே சிரிப்பு. "எங்களுக்கெல்லாம் பிரசங்கம் வைச்ச ஆளைப் பாருங்கோ!" என்று மாமா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அண்ணனும் தென்னையை மறந்து சிரித்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவர் சொன்னது அவ்வளவும் பொய். என் நாக்கை நானே நம்பாமல், விபூதிப் புதனன்றே சாடியின் வாயைத் துணியால் மூடி, கழுத்தோடு சுற்றி ஊசிநூலால் தைத்திருந்தேன். உயிர்த்த ஞாயிறு காலை அந்தத் தையலைப் பிரித்ததும் நான்தான். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு குசினியில் அவரைப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?"

"தபசுகாலம்தான் முடிஞ்சுதே, பிள்ளை."