பிரபை இறங்கிய வயல்

நூகரத்தினம் குவைத்திலிருந்து திரும்பி வந்ததும் முதலில் செய்த காரியம் நிலம் வாங்கியதுதான். வீட்டுக்குக் காரை பூசலாம் என்று கணவன் சத்திபாபு சொல்லிப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாலிப வயதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் தரை துடைத்தே போய்விட்டது. இனிமேல் தன் கால் தன் மண்ணில் பட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

கால்வாயை ஒட்டி ஒன்றரை ஏக்கர் விலைக்கு வந்தது. விற்றவர் மகனோடு இருக்க ஹைதராபாத் போகிறவர். பத்திரம் முடிந்த அன்று அவளுக்கு வதினா, அதாவது அண்ணி முறையான பக்கத்து வயல்காரி அச்சியம்மா சொன்னாள்:

"ரத்தினம், அது பிரபை போற வழி. தெரியும்ல?"

"பொன்னலங்காவுல பொறந்தவளுக்கு அது தெரியாதா வதினா? தெரிஞ்சுதான் வாங்கினேன்."

தெரியாமல் எப்படி இருக்கும்? குவைத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கோதாவரிப் பக்கத்துப் பெண்கள் பூங்காவில் கூடுவார்கள். புதிதாக வந்தவள் எவளாவது "நீ எந்த ஊரு?" என்பாள். பொன்னலங்கா என்றால் ஒருத்திக்கும் தெரியாது. "சங்கராந்திக்கு மறுநாள் பிரபை வயல்ல எறங்குமே, அந்த ஊரு" என்றால், "அட, அந்த ஊரா!" என்று உடனே தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். மற்ற ஊர்களிலும் பிரபை உண்டு. மூங்கிலைக் கோபுரம் போல வளைத்துக் கட்டி, வண்ணத் துணியும் குஞ்சமும் மணியும் வைத்து, நடுவில் சிவனை அமர்த்தி, தோளில் சுமந்து தென்னந்தோப்புக்குக் கொண்டு போவார்கள். ஆனால் அவர்கள் ரோட்டில் போவார்கள். பொன்னலங்கா ஆட்கள்தான் கழுத்தளவுத் தண்ணீரில் கால்வாயைக் கடந்து, பச்சை வயலை மிதித்துக்கொண்டு போகிறவர்கள். மிதிபட்ட வயல்காரன் முகத்தைப் பார்த்தால் அவன் வீட்டில் கல்யாணம் என்று நினைக்கத் தோன்றும்.

அந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. அவள் நிலமோ கடைமடை. மேல்மடைக்காரர்கள் எல்லாம் இரண்டாம் போகம் நட்டு, பயிர் வேர் பிடித்துக் கருகருவென்று நின்றபோது, நூகரத்தினம் அப்போதுதான் சேறடித்துக்கொண்டிருந்தாள். அவள் நட்டு முடித்தபோது போகிப் பண்டிகைக்கு இன்னும் சில நாள்தான் பாக்கி. கூலிக்கு வந்த பெண்களோடு தானும் இறங்கிக் குனிந்து நட்டாள். முடித்து வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். மெலிந்த நாற்றுகள் தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றன. பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே பயமும் வந்தது.

வேர் பிடித்த பயிர் மிதித்தாலும் எழுந்துவிடும். வேர் பிடிக்காதது சேற்றோடு சேறாகப் போய்விடும்.

அன்று மாலை சத்திபாபு தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரபை தூக்குகிறவர்களில் அவன் முன்வரிசை.

"இந்த வருஷம் நம்ம வயல்ல எறங்கக் கூடாது" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏய், விளையாடுறியா? சாமிக்கு வழி மறிக்கிறதா?"

"சாமிக்கு மறிக்கல. உங்க அறுபது பேரு காலுக்குத்தான் மறிக்கிறேன். பிரபை வர்றப்போ நட்டு ஒரு வாரம் கூட ஆயிருக்காது. போயி கமிட்டித் தலைவருகிட்ட சொல்லு."

"நான் எப்படிச் சொல்வேன்? என்னத் தோப்புல கட்டி வச்சு அடிப்பானுங்க."

"சரி, நானே சொல்றேன்."

பிரபைக் கமிட்டித் தலைவர் கொண்டலராவ் பெரிய மீசைக்காரர், குறைவாகப் பேசுகிறவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. "வேண்டாம்னு சொல்ற வயல்ல சாமி எறங்க மாட்டாரும்மா. ரோட்டு வழியா போயிக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். எப்படியெல்லாமோ வாதாட வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போனவளுக்கு வெறும் கையோடு திரும்புவதுபோல இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு விஷயம் நடந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, மரியாதை கொடுத்தார்கள். நேற்றுவரை "ஏ நூகி, எங்க கெளம்பிட்ட?" என்று கூப்பிட்ட பால்காரன், பெரிய மனுஷர்கள் பேரோடு சேர்க்கிற மரியாதைச் சொல்லைச் சேர்த்து, "வாங்க நூகரத்தினம் காரு" என்றான். டீக்கடையில் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அரிசெலு என்கிற அதிரசத்துக்கு மாவு இடிக்கப் போன இடத்தில் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து, "மொதல்ல நீங்க இடிச்சுக்கோங்க அம்மா, உங்களுக்கு வேலை இருக்கும்" என்றார்கள். குவைத்தில் புது வீட்டுக்குப் போன முதல் வாரம் எப்படி இருக்குமோ, சொந்த ஊரில் அவளுக்கு அப்படி இருந்தது.

அச்சியம்மா ஒருத்திதான் பழையபடி பேசினாள். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்டி. என் நாத்து அப்படி நின்னிருந்தா எனக்கும் வயிறு எரியும். ஆனா கரையேற உன் வயல விட்டா ரோடுதான். ரோட்டுல கரண்டுக் கம்பி போகுது, அத யாராவது உனக்குச் சொன்னாங்களா?"

"அதுக்கு?"

"பிரபையோட ஒசரத்தைக் கொறைக்கணும். கோயில் வாசல்ல போயிப் பாரு."

போகியன்று காலை, சத்திபாபுவுக்குக் காப்பி கொண்டுபோகிற சாக்கில் அவள் கோயிலுக்குப் போனாள். பிரபையைப் படுக்க வைத்திருந்தார்கள். ஊரே சேர்ந்து கட்டியது. ஒவ்வொரு வீட்டுப் புடவையும் அதில் ஏதோ ஓரிடத்தில் இருக்கும். உச்சியில் ஒருவன் ரம்பத்தோடு உட்கார்ந்து எங்கே அறுப்பது என்று குறி போட்டுக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் பிணத்தைச் சுற்றி நிற்கிறவர்கள்போல நின்றார்கள். பக்கத்து ஊரான சிந்தகுதுருவிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாப்பிள்ளை மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்ன மாமா, உங்க பிரபைக்கு முழங்காலு வலியா? இந்த வருஷம் உக்காந்தே வருதோ?"

எப்போதும் நாக்கு நீளமான சத்திபாபு கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ரம்பத்தை எடுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கொண்டலராவ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இது பேசி முடிச்ச விஷயம்மா. உன் நடவு வேர் பிடிக்கல. நானும் வயல்ல நின்னவன்தான், எனக்குத் தெரியும். உன்மேல எங்களுக்கு வருத்தம் இல்ல."

"வருத்தம் இருந்தா வாய்விட்டுத் திட்டுங்க. இந்த 'காரு', 'வாங்க போங்க' எல்லாம் எனக்கு வேண்டாம்." அவள் காப்பிச் செம்பைத் தரையில் வைத்தாள். "என் வயல்லயே எறங்கட்டும். ஆனா ஒரு பேச்சு."

"சொல்லு."

"மிதிச்சவன் எல்லாம் முக்கனுமாவன்னிக்குக் காலையில வந்து நட்டுக் குடுக்கணும். மறுபடியும் கூலிக்கு ஆள் வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

சங்கராந்திக்கு மறுநாள், பிரபை போகிற நாள், கனுமா; அதற்கு அடுத்த நாள்தான் முக்கனுமா. ஊரெல்லாம் கறி சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கிடக்கிற நாள்.

"நடவா?" என்றார் கொண்டலராவ். "அது பொம்பளைங்க வேலைம்மா. பசங்களுக்கு நாத்தைப் பிடிக்கவே தெரியாது."

"மிதிக்கத் தெரியுதுல்ல? நடவும் கத்துக்கட்டும்."

பின்னாலிருந்து அச்சியம்மாவின் சிரிப்பு முதலில் வெடித்தது. பிறகு பெண்கள் எல்லோரும். கொண்டலராவின் மீசை கொஞ்சம் அசைந்தது.

"நாத்துக்கு எங்க போவ?"

"என் நாத்தங்கால்ல மிச்சம் கிடக்கு" என்றாள் அச்சியம்மா. "எங்க வீட்டுலயும் இருக்கு" என்று இன்னொருத்தி சொன்னாள்.

"சரிடா" என்று கொண்டலராவ் ஆண்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? இடுப்பு வலிக்குதுன்னு எவனாவது வராம நின்னான், அடுத்த வருஷம் அவன் தோளுக்குப் பிரபை கிடையாது."

கனுமாவன்று மதியம், "சரபா! அசரபா!" என்று பிரபை தூக்குகிறவர்கள் சாமியைக் கூவுகிற சத்தம் கால்வாய்க்கு அப்பால் எழுந்தபோது நூகரத்தினம் தன் வரப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். ரம்பம் படாத பிரபை தண்ணீரில் இறங்கியது. தூக்குகிறவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்தபோது கரையிலிருந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு நிமிர்ந்து, நீர் சொட்டச் சொட்டக் கரையேறி, நேராக அவளிடம் வந்தது. முதல் கால் சத்திபாபுவுடையது. வரப்பில் ஒரு கணம் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தான்.

"எறங்குய்யா. பின்னால ஊரே நிக்குது" என்றாள்.

நாற்றுகள் நிஜமாகவே போயின. ஒவ்வொரு காலும் முழங்கால்வரை புதைந்து எழும்போது பச்சை சேற்றுக்குள் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது. அழுதாள். ஆனால் மணிகள் குலுங்கிக்கொண்டு அது தன் தலைக்குமேல் வானத்தை மறைத்தபடி போனபோது, கையிலிருந்த குடத்தை முழுக்கச் சாய்த்துத் தூக்குகிறவர்களின் கால்களில் ஊற்றினாள். "ஏ நூகி, கண்ணத் தொடைச்சுக்க, நாளைக்கு வர்றோம்!" என்று பால்காரன் கத்திக்கொண்டே போனான்.

வந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனாலும் வயலுக்கு அதிகமான கூட்டம்தான். கொண்டலராவ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, நேற்று மிஞ்சிய அரிசெலுவைக் கடித்துக்கொண்டு பழி தீர்த்தார்கள்.

"ஏ மாமா, அது நாத்து! கம்பம் இல்ல, அவ்வளவு ஆழமா ஊனாத!"

"பாத்தியா வதினா, என் புருஷன் நட்ட வரிசைய? பாம்பு போன தடம் மாதிரி இருக்கு!"

"குனிஞ்சா நிமிர மாட்டேங்குறாரு, யாராவது தூக்கி விடுங்கம்மா!"

வரிசைகள் கோணலாகத்தான் வந்தன. நூகரத்தினம் பின்னாலேயே போய், மிதக்கிறதைப் பிடுங்கி மறுபடி ஊன்றினாள். விளைச்சல் அந்தப் போகத்தில் ரொம்பப் பிரமாதம் இல்லை. அச்சியம்மா வயலைவிடக் குறைவு. கோணல் வரிசையில் களையெடுக்க வந்தவர்கள் வேறு அவளைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் முதல் அரிசியில் பொங்கி, பானையோடு கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

மறு வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. அவள் பயிர் மிதிபட்ட மறுநாளே தலை தூக்கிவிட்டது. இருந்தும் முக்கனுமா காலையில் சத்திபாபுவும் பத்துப் பதினைந்து பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் நூகரத்தினம். "இந்த வருஷம் அச்சியம்மா வதினாவுக்கு மடை உடைஞ்சு நடவு தாமதமாயிடுச்சு. மேற்கு மூலையில பாதி போயிடுச்சு. அங்க போங்க. போன தடவை நட்ட மாதிரி நட்டீங்கன்னா கஞ்சி கெடையாது, சொல்லிட்டேன்!"

அவர்கள் வரப்போடு வரப்பாகச் சிரித்துக்கொண்டே மேற்கே போனார்கள். அவளும் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.